அக்காவுக்கு எப்படித் திருப்பிக் கொடுப்பது?

கேள்வி: எனக்கு 37 வயது. விருதுநகர் மாவட்டத்தில் ஒரு சின்ன ஊரில் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். இரண்டு சிறுநீரகமும் போய் 14 மாதம் டயாலிசிஸில் இருந்தேன். கொடுக்க முன்வந்த என் மனைவிக்குச் சர்க்கரை இருப்பது பரிசோதனையில்தான் தெரிந்தது. அம்மாவுக்கு வயதும் பிரஷரும். கோவில்பட்டியில் கட்டிக்கொடுத்த என் அக்கா (43) கிட்னி கொடுத்தாள். ஆபரேஷன் முடிந்து ஒன்பது மாதம் ஆகிறது. சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று ரத்தத்தில் காட்டும் கிரியேட்டினின் 1.3. டாக்டர் ‘சூப்பர்’ என்கிறார். எனக்குத்தான் சந்தோஷம் வரவில்லை. ராத்திரி தூக்கம் இல்லை. மனைவியிடம் எரிந்து விழுகிறேன். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா, “அக்கா புண்ணியத்துல சாப்பிடுறப்பா” என்கிறாள். அக்கா முன்போல் இல்லை, சீக்கிரம் களைத்துவிடுகிறாள் என்று கேள்வி. அவள் மாமியார் ஜாடையாகப் பேசுகிறார். மச்சான் எனக்கு முகம் கொடுப்பதில்லை. அக்கா வீட்டுக்கு வந்தால் அவள் முகத்தைப் பார்க்க முடியாமல் இடுப்பைத்தான் பார்க்கிறேன். இரண்டு மாதமாக அவள் போனை எடுப்பதில்லை. அம்மா அழுததால்தான் ஒத்துக்கொண்டாளோ என்று மனசு அரிக்கிறது. போன மாதம் இரண்டு தடவை ராத்திரி மாத்திரையை விட்டுவிட்டேன். ஒன்று கல்யாண வீட்டில், இன்னொன்று வேண்டுமென்றே. அப்பா விட்டுப்போன ஆறு சென்ட் இடத்தை அக்கா பேருக்கு எழுதிவைத்தால் இந்தக் கடன் அடையுமா? பெயர் வேண்டாம்.

பதில்:

என் வயதுக்கு உங்களைத் தம்பி என்று கூப்பிடலாம். ஆனால் இப்போதைக்கு அந்த வார்த்தையே உங்களுக்கு வலிக்கும்போல் இருக்கிறது. அதனால் வெறும் ‘நீங்கள்’ என்றே எழுதுகிறேன்.

நீங்கள் கேட்டது இடத்தைப் பற்றி. நான் தொடங்கப்போவது மாத்திரையில். கடிதத்தில் அந்த விஷயத்தைக் கடைசிக்கு முன்னால், இரண்டே வரியில் நுழைத்திருக்கிறீர்கள். மருத்துவமனையில் எங்கள் ஆலோசனை அறைக்கு வருகிறவர்களும் இப்படித்தான், அரைமணி நேரம் வேறெதையோ பேசிவிட்டுக் கதவருகே போய் நின்றுகொண்டு முக்கியமானதைச் சொல்வார்கள்.

இதைப் படித்தவுடன் உங்கள் மருத்துவமனையின் உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளருக்கோ சிறுநீரக மருத்துவருக்கோ போன் செய்து, “போன மாதம் இரண்டு வேளை மாத்திரை விட்டுவிட்டேன்” என்று சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம், எண்ணிக்கை போதும். கிரியேட்டினினும், உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்காமல் தடுக்கும் டாக்ரோலிமஸ் மருந்து ரத்தத்தில் எவ்வளவு என்பதும் பார்க்கச் சொல்வார்கள். அளவு பார்க்கும் அன்று காலை மாத்திரையைப் போட்டுவிட்டுப் போகாதீர்கள். ரத்தம் கொடுத்த பிறகுதான் போட வேண்டும். ஒன்பது மாதப் பழக்கத்தில் உங்களுக்குத் தெரிந்திருக்கும், ஆனாலும் ஐந்து வருடப் பழக்கம் உள்ளவர்களே வாயில் போட்டுவிட்டு வந்து நிற்பதைப் பார்த்திருக்கிறேன். உடம்பு புதுச் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கினால் காய்ச்சலோ வலியோ வந்துதான் தெரியும் என்று நினைக்காதீர்கள். பல நேரம் ஒரு அறிகுறியும் இருக்காது, ரத்தப் பரிசோதனைத் தாளில் மட்டும் எண் ஏறியிருக்கும். விட்ட மாத்திரைக்கு ஈடாக அடுத்த வேளை இரண்டாகப் போட்டுக்கொள்ளும் வேலையும் வேண்டாம்.

அந்த ‘வேண்டுமென்றே’வுக்கு வருகிறேன். வேண்டுமென்றே மாத்திரையை விட்டவர்கள் பலரிடம் பேசியிருக்கிறேன். சிலருக்கு அது ஒரு நாள் லீவு. ‘இன்று ஒரு ராத்திரி மட்டும் நான் நோயாளி இல்லை’ என்று இருந்து பார்ப்பது. சிலருக்கு அது தண்டனை. ‘எனக்கு இது தகாது’ என்று தனக்குத்தானே போட்டுக்கொள்வது. வெகு சிலருக்கு இனி இருந்து என்ன ஆகப்போகிறது என்ற எண்ணம். உங்களுடையது எது என்று கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியவில்லை. கடைசியாகச் சொன்னதாக இருந்தால், அந்த எண்ணம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால்கூட, இன்றே உங்கள் மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள். நேரில் சொல்ல வாய் வரவில்லை என்றால் 14416 டெலிமானஸ் எண்ணுக்குப் பேசுங்கள். தமிழில் பேசலாம், இரவு இரண்டு மணிக்கும் எடுப்பார்கள், காசு கிடையாது.

இதைத் திட்டுவதற்காக எழுதவில்லை. வேலைக்குச் சேர்ந்த புதிதில் நான் செய்த ஒரு தவறு இன்றும் உறுத்துகிறது. அம்மா கொடுத்த சிறுநீரகத்தோடு இருந்த ஒரு பையன், கல்லூரி வயது. மாத்திரையில் கவனமில்லை என்று அவனைத் தனியாக உட்காரவைத்து, “அம்மா வயித்துல இருக்கிற தழும்பை நினைச்சுக்கிட்டு மாத்திரை போடு” என்றேன். ரொம்ப நல்ல வார்த்தை சொல்லிவிட்டதாக அன்று நினைத்தேன். அதற்குப் பிறகும் அவன் மாத்திரையை விட்டான், ஆனால் எங்களிடம் சொல்வதை நிறுத்திவிட்டான். அம்மாவுக்குத் துரோகம் செய்துவிட்டோம் என்ற வெட்கம். சிறுநீர் குறைந்து, கால் வீங்கி வந்தபோதுதான் எங்களுக்கு விஷயமே தெரிந்தது. சிறுநீரகத்தைக் காப்பாற்றினார்கள், ஆனால் பழைய அளவுக்கு அது திரும்பவில்லை. குற்றவுணர்ச்சியைக் கொண்டு மாத்திரை போடவைக்க முடியாது, ஒளிக்கத்தான் வைக்க முடியும் என்று அந்தப் பையனிடம்தான் கற்றுக்கொண்டேன். ஆகவே அக்காவுக்காக மாத்திரை போடுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பல் தேய்க்கிற மாதிரி போடுங்கள். காலை எட்டு, இரவு எட்டு, அலாரம், டப்பா, தண்ணீர், முடிந்தது. கல்யாண வீட்டில் நாலு பேர் பார்க்கப் போடக் கூச்சமாக இருந்தால், பக்கத்தில் சர்க்கரை மாத்திரையும் பிரஷர் மாத்திரையும் போடும் பெரியப்பாக்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். உங்களை யாரும் கவனிக்க மாட்டார்கள். கவனித்தால் ஒருவேளை கஷாயம் சொல்லித் தருவார்கள். அதை மட்டும் காதில் வாங்கிக்கொண்டு, வயிற்றுக்குள் விடாமல் வந்துவிடுங்கள். நாட்டு மருந்து சில இந்த மாத்திரைகளோடு மோதும். பம்பளிமாஸ் பழம்கூட ஆகாது.

சரி, சந்தோஷம் ஏன் வரவில்லை?

ஒரு பகுதி மருந்து. நீங்கள் சாப்பிடும் மாத்திரைகளில் ஸ்டீராய்டு இருக்கும். அது தூக்கத்தைக் கெடுக்கும், பசியைக் கிளப்பும், ஒன்றுமில்லாததற்குக் கோபம் வரவைக்கும், சிலரை அழவும் வைக்கும். டாக்ரோலிமஸ் கையை நடுங்கவைக்கும். செல்போன் சர்வீஸ் செய்கிறவருக்கு அது சின்ன விஷயமில்லை. ஸ்குரூவைப் பிடிக்கப் போய் விரல் ஆடினால் யாருக்கும் எரிச்சல் வரும். மனைவியிடம் எரிந்து விழுவது முழுக்க முழுக்க உங்கள் குணம் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அடுத்த தடவை போகும்போது தூக்கம், கோபம், நடுக்கம் மூன்றையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாமா, நேரத்தை மாற்றலாமா என்று அவர் பார்ப்பார். நீங்களாகக் குறைக்கக் கூடாது. ‘டாக்டர் சூப்பர் என்கிறார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். அவர் சூப்பர் என்றது கிரியேட்டினினை. மனசு எப்படி இருக்கிறது என்று அவர் கேட்டிருக்க மாட்டார், நீங்களும் சொல்லியிருக்க மாட்டீர்கள். வெளியே அறுபது பேர் உட்கார்ந்திருப்பார்கள்.

அப்புறம், எல்லாரும் ‘மறுபிறவி’ என்று சொல்லிச் சொல்லி உங்களை ஒரு மூலையில் நிறுத்திவிட்டார்கள். மறுபிறவி எடுத்தவன் சிரித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். பிறந்த குழந்தை முதலில் அழத்தான் செய்கிறது.

இனி கடனுக்கு வருகிறேன். இதில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

நம் ஊரில் தம்பி என்றால் யார்? அக்காவுக்குப் பொங்கல் சீர் கொண்டுபோகிறவன். அக்கா பிள்ளைகளுக்குக் காது குத்தும்போது மடியில் உட்காரவைப்பவன். தட்டு, சேலை, வெல்லம், கரும்பு எல்லாம் தம்பி வீட்டிலிருந்து அக்கா வீட்டுக்குப் போக வேண்டும். தண்ணீர் பள்ளத்துக்கு ஓடுவதுபோல் அந்தத் திசை நமக்குள் பதிந்துபோயிருக்கிறது. உங்கள் வீட்டில் அது ஒரே நாளில் எதிர்த்திசையில் ஓடிவிட்டது. அதுவும் தட்டில் வைத்துத் தர முடியாத ஒன்று. அண்ணன் தம்பிக்குக் கொடுத்திருந்தால் உங்களுக்கு இவ்வளவு கனத்திருக்காது என்று நினைக்கிறேன். அம்மா மகனுக்குக் கொடுத்தாலும் ‘பெத்தவ கொடுத்தா’ என்று முடிந்துவிடும். கட்டிக்கொடுத்த அக்காவிடமிருந்து வாங்கியதுதான் உங்களுக்குச் செரிக்கவில்லை. பெண்ணைக் கட்டிக்கொடுத்த பிறகு அவள் வீட்டில் கை நனைக்கவே யோசிக்கும் குடும்பங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம்.

மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெற்றவர்களுக்கு வேறு மாதிரி பாரம். 2008-இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த ஹிதேந்திரன் என்ற சிறுவனின் உறுப்புகளை அவனுடைய பெற்றோர் கொடுத்த பிறகு, தமிழ்நாட்டில் அந்த வகைத் தானம் எல்லாருக்கும் தெரிந்த ஒன்றாகிவிட்டது. ஆனால் பொதுவாக, கொடுத்தவர் யார் என்று பெற்றவருக்குச் சொல்வதில்லை. எனக்குத் தெரிந்த ஒருவர் ஆபரேஷன் நடந்த தேதியில் ஒவ்வொரு வருடமும் பெயர் தெரியாத ஒருவருக்கு விளக்கேற்றுகிறார். நன்றி சொல்ல ஆள் தெரியவில்லையே என்பது அவர் துக்கம். ஆள் கோவில்பட்டியிலேயே இருக்கிறார், பஸ் ஏறினால் போய்விடலாம் என்பது உங்கள் துக்கம்.

அந்தப் பாரத்தில் நீங்கள் செய்தது என்ன? அக்காவைச் சாமியாக்கிவிட்டீர்கள். உங்கள் அம்மாவும் அதற்கு உதவி. சாமியை யாரும் நேருக்கு நேர் பார்த்து, “சாப்பிட்டியா, முதுகு வலிக்குதா, மருமக எப்படிப் படிக்கிறா?” என்று கேட்பதில்லை. அக்கா பக்கத்திலிருந்து இதைப் பாருங்கள். ஆபரேஷனுக்கு முன் ஆறு மாதம் மருத்துவமனைக்காரர்களான நாங்கள் எல்லாரும் அவரைச் சுற்றி நின்றோம். ஸ்கேன், ரத்தம், கையெழுத்து என்று ஒரு நாளைக்கு நாலு போன் போயிருக்கும். ஆபரேஷன் முடிந்ததும் அத்தனை கண்ணும் உங்கள் பக்கம் திரும்பின. கொடுத்தவர் ஆரோக்கியமானவர் ஆயிற்றே, நாலைந்து நாளில் வீட்டுக்கு அனுப்பிவிட்டோம். அப்போது அவருக்கு வரும் வெறுமையைப் பற்றி நாங்கள் முன்கூட்டியே பேச வேண்டும், எல்லா இடத்திலும் பேசுவதில்லை. அந்த நிலையில் தம்பி போனை எடுப்பதில்லை. உங்களுக்கு அது குற்றவுணர்ச்சி. அவருக்கு அது எப்படித் தெரியும்? ‘வேண்டியது கிடைச்சதும் மறந்துட்டான்’ என்று அவர் மாமியார் சொல்லாமல் இருப்பாரா? அதற்கு அக்காவால் என்ன பதில் சொல்ல முடியும்?

அம்மா அழுததால் ஒத்துக்கொண்டாரோ என்ற சந்தேகம். இதற்கு ‘சேச்சே, இருக்காது’ என்று சொல்லிக் கடந்துபோக மாட்டேன். இந்தியாவில் உயிரோடு இருந்து சிறுநீரகம் கொடுப்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள், வாங்குபவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். அதில் எல்லாமே பாசம் என்று நான் நம்பவில்லை. சட்டமும் நம்பவில்லை. கொடுப்பவர் பெண்ணாக இருந்தால் கூடுதல் எச்சரிக்கை வேண்டும், அவர் சுயமாகச் சம்மதித்தாரா என்பதைப் பெறுபவரைத் தவிர வேறொருவர் உறுதிசெய்ய வேண்டும் என்று 2014-ஆம் ஆண்டு உறுப்பு மாற்று விதிகளில் தனியாகவே எழுதியிருக்கிறார்கள். நேர்காணலை வீடியோவில் பதிவு செய்வதும் அதற்காகத்தான். உங்கள் அக்காவையும் தனியாக உட்காரவைத்துக் கேட்டிருப்பார்கள். அந்த அறையில் நாங்கள் வழக்கமாகச் சொல்கிற ஒன்றை உங்களுக்குச் சொல்கிறேன்: “உங்களுக்கு மனசில்லைன்னா சொல்லிடுங்க. பொருந்தலைன்னு மட்டும் வீட்டில் சொல்லிடுவோம், காரணம் வெளியே போகாது.” அந்தக் கதவைத் திறந்து பார்த்து, நன்றி சொல்லிவிட்டு வெளியே போன அக்கா தங்கைகள் உண்டு. அவர்களைக் குறைசொல்ல யாருக்கும் உரிமை இல்லை. உங்கள் அக்கா அந்த வழியாகப் போகவில்லை.

அம்மாவின் அழுகைக்கு அதில் பங்கே இல்லை என்று நான் எப்படிச் சொல்ல முடியும்? தெரிந்தவர் ஒருவர்தான். அவரிடம் ஒரு தடவை கேளுங்கள். அடிக்கடி கேட்டுக் கொல்லாதீர்கள், ஒரே தடவை. “அம்மா அழுததாலதான் சரின்னியாக்கா?” கேட்டுவிட்டுப் பேசாமல் இருங்கள். “ஆமா, அதுவும்தான்” என்று சொன்னாலும் தாங்கிக்கொள்ளுங்கள். “பயந்துக்கிட்டேதான் இருந்தேன்” என்று சொன்னால் அதையும் கேளுங்கள். அதைச் சொல்ல அவருக்கு இதுவரை ஆளே கிடைத்திருக்காது. சாமிக்குப் பயம் இருக்கக் கூடாதல்லவா.

அடுத்தது அந்தக் களைப்பு. இதை ‘கேள்வி’யாக விட்டுவைக்காதீர்கள். சிறுநீரகம் கொடுத்தவருக்கு முதல் சில வாரம், சிலருக்கு இரண்டு மூன்று மாதம் வரைக்கும் சோர்வு இருக்கும். ஒன்பது மாதம் கழித்தும் இருந்தால் சிறுநீரகத்தின் மேல் பழி போடாமல் முழுசாகப் பார்க்க வேண்டும். 43 வயதுப் பெண்ணுக்கு ரத்தசோகை இருக்கலாம், தைராய்டு இருக்கலாம், மாதவிலக்கு மாறிக்கொண்டிருக்கலாம், மனச்சோர்வாகவும் இருக்கலாம். எப்படியும் கொடுத்தவர்கள் வருடத்துக்கு ஒரு தடவையாவது பிரஷர், கிரியேட்டினின், சிறுநீரில் புரதம் மூன்றும் பார்க்க வேண்டும். நம் ஆட்கள் பெரும்பாலும் முதல் வருடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். தாளில் அவருடைய கிரியேட்டினின் முன்பிருந்ததைவிடக் கொஞ்சம் கூடியிருக்கும், பயப்பட வேண்டாம். ஒரு சிறுநீரகம் இரண்டின் வேலையை எடுத்துக்கொள்ளும்போது அப்படித்தான் இருக்கும். நாளடைவில் மீதமுள்ள ஒன்று தன் திறனைக் கூட்டிக்கொள்ளும். உடம்பு வலி என்று மெடிக்கலில் கேட்டு வலி மாத்திரை வாங்கிப் போடும் பழக்கம் இருந்தால் மட்டும் நிறுத்தச் சொல்லுங்கள். உங்களுக்கும் அதே விதிதான்.

இருவருக்கும் ஒரே நாளில் பரிசோதனை வையுங்கள். நீங்கள் உங்கள் ஃபைலை எடுத்துக்கொண்டு, அவர் அவருடையதை எடுத்துக்கொண்டு, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்துவிட்டு, மருத்துவமனை வாசலில் இட்லி சாப்பிடுங்கள். வருடா வருடம் இப்படி வருகிற அண்ணன் தங்கை இருவரை எனக்குத் தெரியும். யாருக்குக் கிரியேட்டினின் குறைவு என்று பந்தயம் கட்டிக்கொண்டு வருவார்கள். தோற்றவர் காபி வாங்க வேண்டும். அண்ணன்தான் எப்போதும் தோற்கிறார்.

மச்சான். அவர் தன் மனைவியை ஆபரேஷனுக்கு அனுப்பியவர். ஆறு வாரம் அக்கா குடத்தைத் தூக்கக் கூடாது என்று நாங்கள் சொல்லி அனுப்பினோம். அந்தக் குடத்தை யார் தூக்கினார்கள் என்று நீங்கள் விசாரித்தீர்களா? மச்சானுக்கு எத்தனை நாள் வேலை கெட்டது? சமையல் யார்? அவர் கோபத்தில் பாதிக்கு மேல் பயமாகத்தான் இருக்கும். மனைவி களைத்துக் களைத்து உட்காருவதைத் தினமும் பார்ப்பவர் அவர். நேரில் போங்கள். “நீங்க சம்மதிக்காம இது நடந்திருக்காது மச்சான். அந்த ரெண்டு மாசம் உங்களுக்கு எப்படிப் போச்சு?” என்று கேளுங்கள். திட்டினால் கேட்டுக்கொள்ளுங்கள். கொடுப்பவரின் மருத்துவச் செலவு, போக்குவரத்துச் செலவு, அந்த நாட்களில் போன சம்பளம் இவற்றைப் பெறுபவர் ஈடுசெய்வதைச் சட்டம் அனுமதிக்கிறது. அதில் ஏதாவது பாக்கி இருந்தால் கணக்குப் பார்த்துக் கொடுத்துவிடுங்கள். அது உண்மையிலேயே கடன், அடைக்கக் கூடிய கடன்.

ஆறு சென்ட் இடம் வேறு விஷயம். 1994-ஆம் ஆண்டு உறுப்பு மாற்றுச் சட்டப்படி உறுப்புக்கு விலை கொடுப்பதும் வாங்குவதும் குற்றம். 2011-இல் திருத்திய பிறகு தண்டனை ஐந்திலிருந்து பத்து வருடம், அபராதம் இருபது லட்சத்திலிருந்து ஒரு கோடி. அக்காவுக்குத் தம்பி பாசத்தில் எழுதிவைப்பது இதில் வராது என்று நீங்கள் சொல்லலாம். நான் வழக்கறிஞர் இல்லை, பத்திரம் போடும் முன் ஒருவரைப் பாருங்கள். ஆனால் எனக்குக் கவலை சட்டம் இல்லை. ‘இந்தக் கடன் அடையுமா’ என்று கேட்டுக்கொண்டு நீங்கள் எழுதிக் கொடுத்தால் அக்கா வீட்டில் அதை எப்படிப் படிப்பார்கள்? சிறுநீரகத்துக்கு ஆறு சென்ட் என்று. மாமியார் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அக்கா மனசு உடைந்துபோகும்.

இன்னொன்று. அந்த இடம் உங்கள் அப்பா சம்பாதித்து வாங்கியதாக இருந்து, அவர் உயில் எழுதாமல் போயிருந்தால், இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அம்மாவுக்கும் உங்களுக்கும் அக்காவுக்கும் அதில் சம பங்கு உண்டு. பூர்வீகச் சொத்தாக இருந்தாலும் மகளுக்குப் பங்கு உண்டு. தமிழ்நாட்டில் 1989-லேயே அதற்கு வழி செய்தாயிற்று. அக்காவுக்குச் சொந்தமானதையே அக்காவுக்குத் தானமாகக் கொடுக்கப் பார்க்கிறீர்களோ என்னவோ! பங்கைப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்றால் கொடுங்கள், ரொம்ப நல்லது. சிறுநீரகம் கொடுக்காத அக்காவாக இருந்தாலும் கொடுக்க வேண்டியதுதான் அது. இரண்டையும் ஒரே தாளில் எழுதாதீர்கள்.

அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சண்டையாக வேண்டாம், அவர் சந்தோஷத்தில் சொல்வதுதான். “அம்மா, நீ அதைச் சொல்றப்ப எனக்குச் சோறு இறங்க மாட்டேங்குது” என்றால் புரிந்துகொள்வார். புரியாவிட்டால் மனைவியை விட்டுச் சொல்லாதீர்கள், அது வேறு வம்பாகும். நீங்களே மறுபடி சொல்லுங்கள்.

மனைவியைப் பற்றி உங்கள் கடிதத்தில் இரண்டு வரிதான் இருக்கிறது. சர்க்கரை இருந்தது, எரிந்து விழுகிறேன். கொடுக்க வந்து, முடியாது என்று திருப்பி அனுப்பப்பட்டவர் அவர். அன்றைக்குத்தான் அவருக்கே சர்க்கரை என்று தெரிந்திருக்கிறது. அதைப் பற்றி அவரிடம் யாராவது பேசினார்களா? கணவனுக்கு நாத்தனார் கொடுத்தாள், நான் கொடுக்கவில்லை என்று அவர் மனசில் ஒன்று ஓடிக்கொண்டிருக்கும். உள்ளுக்குள் ஒரு ஓரமாக ‘நல்லவேளை’ என்றும் தோன்றியிருக்கும், அப்படித் தோன்றியதற்காக வெட்கமும் இருக்கும். எங்கள் வார்டு வராந்தாவில் அழுகிறவர்களில் பாதிப்பேர் இவர்கள்தான். அவருடைய சர்க்கரை இப்போது எவ்வளவு என்று உங்களுக்குத் தெரியுமா? அதிலிருந்து தொடங்கலாம்.

நீங்கள் எழுதாத ஒரு பயமும் இருக்கும் என்று ஊகிக்கிறேன்: இது ஒருநாள் நின்றுவிட்டால்? அக்கா கொடுத்ததை வீணடித்துவிட்டேன் ஆகுமே? உயிரோடு இருப்பவரிடமிருந்து பெற்ற சிறுநீரகம் பலருக்குப் பதினைந்து இருபது வருடம் ஓடுகிறது, சிலருக்கு அதற்கு முன்பே நிற்கிறது. ஒழுங்காக மாத்திரை போட்டும் நின்றவர்கள் உண்டு. உலகில் வெற்றிகரமாக நடந்த முதல் சிறுநீரக மாற்றே உடன்பிறந்தவர்களுக்குள்தான். 1954 டிசம்பர் 23, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம், டாக்டர் ஜோசப் மர்ரே. ரொனால்ட் ஹெரிக் தன் இரட்டைச் சகோதரன் ரிச்சர்டுக்குக் கொடுத்தார். முந்தின நாள் இரவு ரிச்சர்ட் மருத்துவமனைக்குள்ளிருந்தே அவருக்கு ஒரு சீட்டு அனுப்பினார், வீட்டுக்குப் போய்விடு என்று. வந்துவிட்டேன், போகமாட்டேன் என்று ரொனால்ட் பதில் சீட்டு அனுப்பினார். உங்கள் மனசில் ஓடுவது அந்த முதல் நோயாளிக்கும் ஓடியிருக்கிறது. ரிச்சர்ட் அதன் பிறகு எட்டு வருடம்தான் இருந்தார். அந்த எட்டு வருடத்தில் தன்னைப் பார்த்துக்கொண்ட நர்ஸையே கல்யாணம் செய்துகொண்டார், இரண்டு பெண் குழந்தைகள் பிறந்தார்கள். ரொனால்ட் ஒற்றைச் சிறுநீரகத்தோடு கணக்கு வாத்தியாராக வேலை பார்த்து, விவசாயமும் செய்து, 79 வயது வரை இருந்தார். எட்டு வருடத்தோடு போய்விட்டதே, வீண் என்று இந்தக் கதையைக் கேட்ட யாரும் இதுவரை என்னிடம் சொன்னதில்லை.

இந்தப் பதிலை வைத்துக்கொண்டு எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் செய்யப் போகாதீர்கள். முதல் போன் மருத்துவமனைக்கு. இரண்டாவது அக்காவுக்கு. என்ன பேசுவது என்று ஒத்திகை பார்க்க வேண்டாம். நன்றி என்ற வார்த்தை வேண்டவே வேண்டாம். இரண்டு மாதம் கழித்து எடுக்கிறீர்கள், “ஏன்டா போனை எடுக்கலை, செத்தா போயிட்ட?” என்று முதலில் திட்டுத்தான் விழும். நடுவில் குறுக்கே பேசாதீர்கள், அக்கா முழுசாகத் திட்டி முடிக்கட்டும். அப்புறம், “சாப்டியாக்கா?” என்று கேளுங்கள்.